பக்கத்து சீட்டுல யாரு: பசங்களே பசங்களுக்கு நடத்தின ரோட் சேஃப்டி கிளப்புகள் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

டீன் ஏஜ் பசங்க கார் ஓட்டறப்ப எது ரொம்ப ஆபத்துன்னு யார கேட்டாலும் வேகம், குடி, ஃபோன்னு மூணு பதில் வரும். மூணும் சரிதான். ஆனா 2000-ல ஜாமா மருத்துவ இதழ்ல வந்த ஒரு ஆய்வு, அமெரிக்காவுல 16, 17 வயசு டிரைவருங்க செத்த விபத்துகள எடுத்துவெச்சுக்கிட்டு, கார்ல கூட எத்தனை பேர் இருந்தாங்கன்னு எண்ணிப் பாத்துச்சு. தனியா ஓட்டறப்ப டிரைவர் சாகற ரிஸ்க் 1-ன்னு வெச்சுக்கிட்டா, 16 வயசுக்காரர் கூட ஒருத்தர் ஏறினா அது 1.39, ரெண்டு பேர்னா 1.86, மூணு பேர் இல்ல அதுக்கு மேலன்னா 2.82. 17 வயசுக்கு 1.48, 2.58, 3.07. ஒரு வயசு கூடினா கொஞ்சம் குறையும்னுதானே நெனப்போம், குறையல, ஏறியிருக்கு.

இதுல இன்னொரு பக்கமும் உண்டு. 2012-ல அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தோட அறக்கட்டளை இதே மாதிரி கணக்கு போட்டப்ப, பக்கத்துல 35 வயசுக்கு மேல ஒருத்தர் உக்காந்திருந்தா 16-17 வயசு டிரைவரோட சாவு ரிஸ்க் 62 சதவீதம் குறையுதுன்னு வந்துச்சு. அதனால கார்ல ஆள் ஏறறது பிரச்சினை இல்ல, ஏறறது அதே வயசு ஃப்ரெண்டா இருந்தாதான் பிரச்சினை. சரி, ஃப்ரெண்டுதான் ரிஸ்க்குன்னா, அதே ஃப்ரெண்ட வெச்சே இதுக்கு மருந்து பண்ணலாம்னு கெளம்பின ஆளுங்களுக்கு என்ன ஆச்சு? நாப்பது வருஷத்துக்கு மேல ஓடற கதை இது, ரெண்டு எடத்த மட்டும் எடுத்துக்கறேன், ஒண்ணு மாசசூசெட்ஸ், ஒண்ணு டெக்சஸ்.

வேலண்ட், 1981

வேலண்ட் பாஸ்டனுக்கு மேற்கால இருக்கற ஒரு புறநகர் ஊரு. அங்க ஹைஸ்கூல்ல ராபர்ட் அனஸ்டாஸ்னு ஒருத்தர் ஹாக்கி கோச், சுகாதாரக் கல்விக்கும் அவர்தான் பொறுப்பு. 1981-ல அவர்கிட்ட இருந்த ரெண்டு மாணவங்க அடுத்தடுத்து தனித்தனி கார் விபத்துல செத்துப்போனாங்க. அவர் 15 மாணவங்கள சேத்துக்கிட்டு ஒரு கிளப் ஆரம்பிச்சார். குடிச்சிட்டு வண்டி ஓட்டறதுக்கு எதிரான மாணவர்கள்ங்கறது பேரு, சுருக்கமா ஸேட். அதுக்கு முந்தின வருஷம், 1980-ல, கலிஃபோர்னியாவுல கேண்டி லைட்னர்ங்கறவங்க தன் 13 வயசு மகள குடிகார டிரைவர்கிட்ட பறிகொடுத்துட்டு மேட்ங்கற தாய்மார் அமைப்ப ஆரம்பிச்சிருந்தாங்க. அது சட்டத்த மாத்தறதுக்கு, கோர்ட்டுல தண்டனைய கூட்டறதுக்குன்னு போன அமைப்பு. ஸேட் போனது வேற வழி, கிளாஸ்ரூமுக்குள்ளயும் வீட்டுக்குள்ளயும்.

அந்தக் காலத்த கொஞ்சம் சொல்லியாகணும். எழுபதுகள்ல அமெரிக்காவுல நெறைய மாநிலம் குடிக்கற வயச 21-லேருந்து கீழ எறக்கிச்சு. மாசசூசெட்ஸ் 1973-ல 18 ஆக்கி, சாவு கூடிடுச்சுன்னு கத்தல் வந்ததும் 1979-ல 20 ஆக்கிச்சு. அதாவது 1981-ல ஹைஸ்கூல் பசங்க குடிக்கறது ஏற்கனவே சட்டப்படி தப்பு, ஆனா பார்ட்டி நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. அமெரிக்க புறநகர்ல ராத்திரி பன்னெண்டு மணிக்கு பஸ் கெடையாது, ஆட்டோ கெடையாது, நடந்து போற தூரத்துல வீடும் இருக்காது. யாரோ ஒருத்தர் கார்ல போறதத் தவிர வீடு போக வழியே இல்ல. அந்த யாரோ ஒருத்தர் குடிச்சிருந்தா பையன் என்ன பண்ணுவான்?

இந்தக் கேள்விக்கு ஸேட் குடுத்த பதில்தான், என் பார்வையில, அந்த இயக்கத்துலயே உருப்படியான சரக்கு. வாழ்க்கை ஒப்பந்தம்னு ஒரு ஒத்தப் பக்க பேப்பர். மேல புள்ளை கையெழுத்து: நான் குடிச்சிருந்தாலோ, என்ன கூட்டிட்டுப் போற ஃப்ரெண்ட் குடிச்சிருந்தாலோ, எந்த நேரமா இருந்தாலும் எந்த எடமா இருந்தாலும் உங்களுக்கு ஃபோன் பண்றேன். கீழ அப்பா அம்மா கையெழுத்து: எந்த நேரமானாலும் வந்து கூட்டிட்டுப் போறோம், இல்ல டாக்சிக்கு காசு குடுக்கறோம், அந்த நேரத்துல கேள்வி கேக்க மாட்டோம், சண்ட போட மாட்டோம், பிறகு பேசிக்கலாம். அதோட விடல, பெத்தவங்க இன்னொண்ணும் ஒத்துக்கணும், நாங்க குடிச்சிருந்தாலும் நாங்களும் வண்டி ஓட்ட மாட்டோம், வேற வழியில வீடு வருவோம்னு.

இதுல "அந்த நேரத்துல"ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அதுதான் மொத்த வேலையும் செய்யுது. மன்னிச்சு விட்டுடறேன்னு அப்பா சொல்லல, திட்ட மாட்டேன்னும் சொல்லல, இப்ப இல்லன்னு மட்டும்தான் சொல்றார். நம்ம வீடுகள்ல ராத்திரி ரெண்டு மணிக்கு புள்ளை ஃபோன் பண்ணி இப்படி மாட்டிக்கிட்டேன்னா "நீ மொதல்ல வீட்டுக்கு வா"ன்னு ஒரு வரி வரும்ல, அதுக்குள்ளயே எத்தன மிரட்டல் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், அந்த வரிக்கு பயந்துதான் பாதி பேர் ஃபோனே பண்ண மாட்டான், குடிச்சவன் பின்னாடியே ஏறி உக்காந்துடுவான். ஒப்பந்தம் தூக்கிப் போட்டது அந்த பயத்த மட்டும்தான்.

பரவினதும் சண்டையும்

ஸேட் வேகமா பரவுச்சு, எண்பதுகள்ல நாடு முழுக்க ஸ்கூல்கள்ல கிளை வந்துடுச்சு. கூடவே வம்பும் வந்துச்சு. இந்த ஒப்பந்தமே "நீ குடிச்சுக்கோ, ஓட்டாம இரு, நான் வந்து கூட்டிக்கறேன்"னு பசங்களுக்கு லைசென்ஸ் குடுக்கற மாதிரி இருக்குன்னு ஒரு கூட்டம் எதுத்துச்சு. பீர் கம்பெனி பணம் வாங்கினது இன்னும் பெரிய சண்ட. குடிக்காதன்னு சொல்லாம, குடிச்சிட்டு ஓட்டாதன்னு மட்டும் சொல்ற இயக்கத்துக்கு பீர் கம்பெனி ஏன் காசு குடுக்கும்னு கேக்கறதுல நியாயம் இருக்குதானே. பிறகு அந்தப் பணத்த விட்டுட்டாங்க. 1997-ல பேரையும் மாத்திட்டாங்க, அதே சுருக்கப் பேரு, விரிவு மட்டும் நாசமாக்கற முடிவுகளுக்கு எதிரான மாணவர்கள்னு ஆச்சு, போதை, வன்முறை, தற்கொலைன்னு எல்லாம் உள்ள வந்துச்சு. ஒப்பந்தமும் மாறிச்சு. குடியும் போதையும் தொடாம இருக்கேன், சீட் பெல்ட் போடறேன்னு புது வரிகள் சேந்துச்சு, ஆபத்துன்னா ஃபோன் பண்றேன், பெத்தவங்க வந்து கூட்டிட்டு வந்து பிறகு நிதானமா பேசுவாங்கங்கற பகுதி மட்டும் தப்பிச்சுது. நல்லவேள.

எனக்கு இந்த பேர் மாத்தம் அவ்வளவா பிடிக்கல. ஒரே ஒரு வேலைய, ராத்திரி வீடு திரும்பறத, கையில வெச்சிருந்த கிளப் எல்லாத்துக்குமான கிளப் ஆயிடுச்சு. ஆனா 1997-ல அதுக்கு காரணமும் இருந்துச்சு, ஏன்னா குடி-வண்டி பிரச்சினைய அதுக்குள்ள சட்டம் பாதி எடுத்துக்கிச்சு. 1984-ல ரீகன் கையெழுத்து போட்ட சட்டம், குடிக்கற வயச 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில வெட்டு விழும்னு சொல்லிச்சு, மாசசூசெட்ஸ் 1985-லயே 21 ஆக்கிச்சு, 1988-க்குள்ள எல்லா மாநிலமும் வந்துடுச்சு. 1995-ல இன்னொரு மத்திய சட்டம், 21 வயசுக்கு கீழ உள்ளவங்க ரத்தத்துல ஆல்கஹால் அளவு 0.02 இருந்தாலே குத்தம்னு மாநிலங்கள தள்ளிச்சு, 1998-க்குள்ள அதுவும் எல்லா மாநிலத்துலயும் வந்துச்சு.

கணக்கு எங்க இடிக்குது

எண்பதுகள்லயும் தொண்ணூறுகள்லயும் குடியால டீன் ஏஜ் பசங்க ரோட்டுல சாகறது நல்லாவே கொறஞ்சுது. ஸேட் மேடையில இத தன் கணக்குல எழுதிக்க ஆசைப்படாம இருக்காது. ஆனா அதே வருஷங்கள்ல வயசு 21 ஆச்சு, 0.02 வந்துச்சு, போலீஸ் சோதனை கூடிச்சு, சீட் பெல்ட் சட்டம் வந்துச்சு, காருங்களும் பத்திரமாச்சு, இதுல கிளப்போட பங்கு எவ்வளவுன்னு பிரிச்செடுக்கறது எப்படி?

பிரிச்சுப் பாக்க முயற்சி பண்ணவங்க இருக்காங்க. 1994-ல வந்த ஒரு ஆய்வு, ஸேட் இருக்கற ஸ்கூல்கள அதே மாதிரி மத்த ஸ்கூல்களோட வெச்சுப் பாத்துட்டு, குடிச்சிட்டு ஓட்டறதுலயோ குடிச்சவன் வண்டியில ஏறறதுலயோ வித்தியாசம் தெரியலன்னு சொல்லிச்சு. கையில வாங்கிப் படிச்சா கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கும். 2005-ல அமெரிக்காவோட சமூக நோய்த்தடுப்பு பணிக்குழுவுக்காக ஆய்வுகள மொத்தமா சேத்து அலசினப்ப, ஸேட் மாதிரி மாணவர் அமைப்புகளுக்கு "போதுமான சான்று இல்ல"ன்னு தீர்ப்பு. பலன் இல்லன்னு அர்த்தம் இல்ல, ஒழுங்கா அளந்த ஆய்வு பத்தலன்னுதான் அர்த்தம், ரெண்டுத்தயும் கொழப்பிக்கறவங்க நெறைய.

அதே அலசல்ல இன்னொரு முடிவு இருக்கு, இத யாரும் பெருசா பேசறதில்ல. ஸ்கூல்ல ஒழுங்கா பாடமா நடத்தற திட்டங்கள், குடிச்ச டிரைவரோட வண்டியில ஏறறத குறைக்குதுங்கறதுக்கு சான்று போதும்னு சொன்னாங்க, ஆனா குடிச்சிட்டு ஓட்டறத குறைக்குதாங்கறதுக்கு சான்று பத்தல. திரும்ப படிச்சுப் பாருங்க. பேச்சு ஏறுறது பாசஞ்சர் காதுல. ஸ்டியரிங் புடிச்சவன மாத்தறது கஷ்டம், பின்னாடி கதவ தெறக்கப் போறவன மாத்த முடியும். ஸேட்டோட ஒப்பந்தமும் முக்காவாசி பாசஞ்சருக்கான பேப்பர்தான், ஆனா போஸ்டர் எல்லாம் டிரைவர பாத்து பேசிச்சு.

கிளப்புல யாரு சேர்றாங்கங்கறதும் ஒரு தலைவலி. குடிச்சிட்டு ஓட்டக் கூடாதுன்னு சனிக்கெழம வந்து பேனர் எழுதற பசங்க, கிளப் இல்லன்னாலும் அத பண்ணிருக்க மாட்டாங்க. யார்கிட்ட பேசணுமோ அவன் கிளப் ரூம் பக்கமே வர மாட்டான். அதனால உறுப்பினர்கள கேட்டு சர்வே எடுத்தா ரிசல்ட் பிரமாதமா வரும், மொத்த ஸ்கூலையும் கேட்டாதான் உண்மை தெரியும்.

எமன் வேஷம்

கிளப்புகள் ரொம்ப விரும்பி செய்யற இன்னொண்ணு நாடகம். அமெரிக்காவுல ஒரு ரெண்டு நாள் நிகழ்ச்சி பிரபலம், பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கறுப்பு அங்கி போட்ட எமன் கிளாஸ்ரூமுக்குள்ள வந்து ஒரு மாணவன கூட்டிட்டுப் போவாரு, அவன் முகத்துல வெள்ள பூசிக்கிட்டு திரும்ப வந்து உக்காந்து அன்னிக்கு முழுக்க யார்கூடயும் பேச மாட்டான், கிளாஸ்ல அவனுக்கு இரங்கல் குறிப்பு வாசிப்பாங்க. மைதானத்துல நொறுங்கின காரு, போலி ரத்தம், நெஜ ஆம்புலன்ஸ், நெஜ போலீஸ். ராத்திரி அந்த பசங்க வீட்டுக்குப் போகாம, செத்தவங்களா இருந்துக்கிட்டு அப்பா அம்மாவுக்கு லெட்டர் எழுதணும். மறுநாள் அத எல்லார் முன்னாடியும் படிப்பாங்க. அழாம யாரும் வெளிய வர மாட்டாங்க.

2008-ல கலிஃபோர்னியாவுல ஓஷன்சைட் ஊர்ல இதுக்கு ஒரு படி மேல போய், நாடகம்னு சொல்லாமலே நெடுஞ்சாலை போலீஸ் கிளாஸ் கிளாஸா வந்து உங்க ஃப்ரெண்ட்ஸ் வீக்கெண்ட்ல செத்துட்டாங்கன்னு சொல்லிட்டாங்க, சில மணி நேரம் கழிச்சுதான் உண்மைய சொன்னாங்க, பசங்க கதறினாங்க, பிறகு ஆத்திரப்பட்டாங்க. அந்தப் பசங்க பக்கம்தான் நான்.

இந்த மாதிரி நிகழ்ச்சிகள ஆராஞ்சவங்க திரும்பத் திரும்ப பாத்தது ஒண்ணுதான், அன்னிக்கு மனசு உலுக்குது, சர்வேல பதில் மாறுது, கொஞ்ச நாள்ல பழைய நிலைக்கு வந்துடுது, ஓட்டற விதம் மாறினதா பெருசா தெரியல. பயம் வந்துச்சுன்னே வெச்சுக்குவோம், அந்த பயத்த வெச்சுக்கிட்டு பையன் சனிக்கெழம ராத்திரி என்ன பண்ணணும்? அதுக்கு அந்த ரெண்டு நாள்ல பதிலே இல்ல. கையெழுத்து போட்ட பேப்பர்லயாவது ஒரு ஃபோன் நம்பர் இருந்துச்சு.

டெக்சஸ், 2002

இப்ப டெக்சஸ். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தோட போக்குவரத்து ஆய்வு நிறுவனத்துல ரஸ்ஸல் ஹெங்க்னு ஒரு பொறியாளர் 2002-ல டீன்ஸ் இன் த டிரைவர் சீட்ன்னு ஒண்ண ஆரம்பிச்சார். கோச் ஆரம்பிச்ச கிளப்புக்கும் பொறியாளர் ஆரம்பிச்ச கிளப்புக்கும் வித்தியாசம் மொதல் நாள்லயே தெரியும், இவங்க ஆரம்பிக்கறதே சர்வேல. பசங்கள கேட்டாங்க, உங்க வயசு டிரைவருக்கு எது ஆபத்துன்னு. குடின்னு எல்லாரும் எழுதறாங்க (இத்தன வருஷப் பிரச்சாரம் வீணாப் போகல), ஆனா ராத்திரி ஓட்டறதே தனி ஆபத்துன்னு எழுதினவங்க ரொம்பக் கம்மி. அதனால அஞ்சு விஷயத்த மட்டும் எடுத்துக்கிட்டாங்க: ராத்திரி, வேகம், கவனச் சிதறல் (ஃபோனும் சரி, கார் நெறைய ஃப்ரெண்ட்ஸும் சரி), சீட் பெல்ட், குடி. சரக்கும் தகவலும் நிறுவனம் குடுக்கும், அத எப்படி சொல்றதுங்கறத ஒவ்வொரு ஸ்கூல்லயும் பசங்களே முடிவு பண்ணிக்கணும், செஞ்ச வேலைக்கு புள்ளி, புள்ளிக்கு பரிசுன்னு வருஷம் முழுக்க ஓடும். பிறகு ஃபோன தொடாம ஓட்டினா புள்ளி தர ஒரு ஆப் வந்துச்சு, லைசென்ஸ் வயசுக்கு முந்தியே நடுநிலைப் பள்ளிப் பசங்களுக்கு ஒண்ணு, காலேஜுக்கு ஒண்ணுன்னு கிளையும் விட்டுச்சு.

இங்கயும் அதே கணக்குச் சிக்கல். 2002-லதான் டெக்சஸ்ல படிப்படி லைசென்ஸ் சட்டமும் அமலுக்கு வந்துச்சு. அதாவது 18 வயசுக்கு கீழ லைசென்ஸ் வாங்கினா மொதல் ஆறு மாசம் நடுராத்திரியிலேருந்து காலைல அஞ்சு மணி வரைக்கும் ஓட்டக் கூடாது, குடும்பத்துல இல்லாத 21 வயசுக்கு கீழ உள்ள ஒருத்தருக்கு மேல ஏத்தக் கூடாது. 2009-ல அந்த ஆறு மாசத்த பன்னெண்டு மாசமா ஆக்கினாங்க, 18-க்கு கீழ ஃபோனும் தடை. டெக்சஸ்ல டீன் ஏஜ் டிரைவர் விபத்துச் சாவு அந்தக் காலத்துல கொறஞ்சுது, கிளப் நடந்த ஸ்கூல் பகுதிகள்ல கூடுதலா கொறஞ்சுதுன்னு அந்த நிறுவனமே கணக்கு போட்டு காட்டியிருக்கு, சில வருஷமாவது தொடர்ந்து நடத்தின ஸ்கூல்களத்தான் எடுத்துக்கிட்டாங்க. கணக்கு தப்புன்னு சொல்ல எனக்கு காரணம் இல்ல, ஆனா பரீட்ச எழுதினவரே பேப்பரும் திருத்தியிருக்கார், வெளியாள் ஒருத்தர் திருத்தினா இன்னும் நிம்மதியா நம்பலாம். சில வருஷம் தாங்கற ஸ்கூல்னாலே அங்க நல்ல பிரின்சிபல், அக்கறையான ஒரு டீச்சர், கொஞ்சம் வசதி எல்லாம் இருக்கும்ங்கறதயும் மறக்கக் கூடாது.

ஆனா டெக்சஸ் கிளப்புல எனக்கு பிடிச்ச ஒண்ணு, சட்டமும் அதுவும் ஒரே விஷயத்த பேசுது. போலீஸ்காரர் ரோட்டுல ஒரு காரப் பாத்து உள்ள இருக்கறது 17-ஆ 19-ஆன்னு கண்டுபுடிக்க முடியாது, அதனால பாசஞ்சர் விதி பேப்பர்லயே தூங்கற விதி. அத ஓட வைக்க முடிஞ்சவங்க ரெண்டே கூட்டம், ஒண்ணு பெத்தவங்க, இன்னொண்ணு "ஏறாதடா, ஏற்கனவே ஒருத்தன் இருக்கான்"னு பார்க்கிங்ல நின்னு சொல்ற சக மாணவன்.

மூளையும் பார்க்கிங்கும்

ஃபிலடெல்ஃபியா டெம்பிள் பல்கலைக்கழகத்துல ஸ்டைன்பர்க்ங்கற உளவியல் பேராசிரியரோட குழு 2005-ல ஒரு வீடியோ கேம் சோதனை பண்ணாங்க, மஞ்ச லைட்டுல கார எவ்வளவு தூரம் ஓட்டறாங்கன்னு. 13-லேருந்து 16 வயசு வரைக்கும் ஒரு கூட்டம், 18-22 ஒண்ணு, 24-க்கு மேல ஒண்ணு. தனியா ஆடறப்பவும் ஃப்ரெண்ட்ஸ் பாக்கறப்பவும் பெரியவங்ககிட்ட வித்தியாசம் இல்ல, சின்னவங்ககிட்ட நல்லாவே இருந்துச்சு. 2011-ல மூளை ஸ்கேன் மெஷினுக்குள்ள வெச்சு அதே மாதிரி ஒரு கார் கேம் ஆட விட்டப்ப, பக்கத்து ரூம்லேருந்து ஃப்ரெண்ட்ஸ் பாக்கறாங்கன்னு தெரிஞ்சாலே பரிசுக்கு துள்ற மூளைப் பகுதி டீன் ஏஜ் பசங்களுக்கு கூடுதலா வேலை செஞ்சுது. ஆபத்து தெரியாம பண்ணல, பாக்கறவன் இருந்தா அதுல ருசி கூடுது. இதுக்கு பயம் காட்டற போஸ்டர் ஒட்டி என்ன பிரயோஜனம்?

இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியம். ஹைஸ்கூல் பார்க்கிங்லேருந்து வெளிய வர வண்டிகள ரோட்டோரமா நின்னு அளந்தாங்க, பக்கத்துல பையன் உக்காந்திருந்தா டீன் ஏஜ் டிரைவருங்க கொஞ்சம் வேகம், முன்னாடி வண்டிக்கு கொஞ்சம் நெருக்கம், பையன் ஓட்டி பக்கத்துல பொண்ணு இருந்தா இடைவெளி கூடுது. பாக்கறவங்க எத எதிர்பாக்கறாங்கன்னு டிரைவர் ஊகிக்கறான், அதுக்கு ஏத்த மாதிரி ஓட்டறான். அப்ப பக்கத்து சீட்டுல இருக்கறவன் "மெதுவா போ, எனக்கு பிடிக்கல"ன்னு சொன்னா வேலை செய்யும்னு நம்ப எடம் இருக்கு. சிக்கல் என்னன்னா அத சொல்றவன் மானம் போகும்.

ஸேட் ஒப்பந்தத்துல இருந்த பெரிய ஓட்டையும் இதுதான். நாலு பேர் பாக்க அப்பாவுக்கு ஃபோன் போட்டு "வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்ல எந்த 16 வயசுக்காரனுக்கு மனசு வரும்? 2017 வாக்குல அமெரிக்காவுல எக்ஸ் பிளான்னு ஒண்ணு பரவுச்சு, புள்ளை வீட்டுக்கு ஒரே ஒரு எக்ஸ் எழுத்த மெசேஜ் அனுப்பணும், உடனே வீட்டுலேருந்து ஃபோன் வரும், "வீட்டுல ஒரு அவசரம், எங்க இருக்க, நான் வரேன்"னு. புள்ளை சலிச்சுக்கிட்டே "ஐயோ எங்கப்பா"ன்னு கெளம்பிடலாம், கெட்டவர் அப்பாவாயிடுவார். கேள்வி கேக்கறதில்லங்கறது இங்கயும் உண்டு. 1981 பேப்பரோட பேரப்புள்ளை மாதிரிதான் இது, ஆனா ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி மூஞ்சிய காப்பாத்திக்கற வேலையும் சேத்து செய்யுது.

ஒரு ஸ்கூல் கிளப் என்னைக் கேட்டா, எமன் வேஷத்துக்கு செலவு பண்ற காச பாசஞ்சருக்கு செலவு பண்ணுங்கன்னுதான் சொல்வேன். குடிச்சவன் வண்டியிலேருந்து, பறக்கறவன் வண்டியிலேருந்து, அஞ்சாவது ஆளா ஏறக் கூப்புடற வண்டியிலேருந்து மானம் போகாம எப்படி நழுவறதுன்னு பசங்களயே விட்டு பத்து வழி யோசிக்கச் சொல்லணும், அத அவங்கதான் யோசிக்க முடியும், நமக்குத் தெரியாது. வாந்தி வருதுன்னு சொன்னா எந்த டிரைவரும் ஓரங்கட்டுவான், தன் சீட் பாழாயிடுமே. அளக்கறதயும் சர்வேக்கு விடாம, காலைல கேட்ல நின்னு எத்தன காருல எல்லாரும் பெல்ட் போட்டிருக்காங்க, ஒரு காருல எத்தன பேர் வராங்கன்னு எண்ணி, கிளப் தொடங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, ஆறு மாசம் கழிச்சு ஒண்ணு எழுதி வெச்சா போதும்.

இதெல்லாம் நடந்தாலும் ஒரு பிரச்சினை தீராது. அமெரிக்க ஹைஸ்கூல் நாலு வருஷம், கிளப்ப தூக்கி நிறுத்தற சீனியர்ஸ் வருஷா வருஷம் வெளிய போயிடுவாங்க, நாலு வருஷத்துல மொத்த கூட்டமும் மாறிடும். பொறுப்பு டீச்சர் வேற ஸ்கூலுக்கு மாறினாலோ மாநில நிதி ஒரு வருஷம் வரலன்னாலோ கிளப் அப்படியே படுத்துடும், லைசென்ஸ் வாங்கற 16 வயசுக்காரங்க மட்டும் ஒவ்வொரு வருஷமும் புதுசா வந்துக்கிட்டே இருப்பாங்க. டெக்சஸ்காரங்க நடுநிலைப் பள்ளிக்கு எறங்கினத நான் நல்ல வேலைன்னு சொல்றது இதனாலதான், 13 வயசுல அவன் இன்னும் டிரைவர் இல்ல, பாசஞ்சர் மட்டும்தான்.